பெட்டியில் இருப்பது க்ரீம் கேக்

இனி அலுவலகத்துக்கு சைக்கிளில்தான் போவேன் என்று நான் சபதம் எடுத்த அன்று என் தொப்பை மட்டும்தான் பயந்தது. அடுத்த வாரம் தெருவே பயந்தது. பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சாண் இடம் கிடைத்தால் போதும், நுழைந்துவிடுவேன். சிவப்பு விளக்கு மோட்டார் வண்டிக்காரர்களுக்கு மட்டும் என்பது என் கொள்கை.

என் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். எதையும் அளந்துதான் போடுவாள், பேச்சு உட்பட.

"பஸ்ஸுக்குக் குறுக்க பூந்தீங்களாமே? எதிர்வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்து சொல்றார்."

"அவரு மாடிப்படி இறங்கினாலே நெஞ்சைப் பிடிக்கிற ஆளு."

"நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறேங்க."

"நான் ஓட்டினா டம்ளர் தண்ணிகூட தளும்பாது, தெரியுமா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்படியா? உங்க ஆபீசுக்குப் பக்கத்துல பேக்கரி வெச்சிருக்காளே என் சிநேகிதி, நாளைக்கு அவளுக்கு ஒரு கேக் கொண்டுபோய்க் குடுங்க."

மூன்றடுக்கு க்ரீம் கேக். போய்ச் சேர்ந்தபோது ஓரடுக்கு. மேலே எழுதியிருந்த 'வாழ்த்துகள்' பெட்டி மூடியில் ஒட்டியிருந்தது. சிநேகிதி போட்டோ எடுத்து என் மனைவிக்கு அனுப்பினாள்.

அன்று மாலை வீட்டில் சத்தமே இல்லை. நான் கல்யாணமானவன். அது எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை மறுபடி பெட்டி. சுற்றிலும் டேப். "திறந்துடாதீங்க, க்ரீம் இளகிடும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு பெட்டி; நானும் வேறு ஆள். ரோட்டின் ஓரத்தை விட்டு நகரமாட்டேன். திரும்பும் முன் கை காட்டுவேன். பள்ளம் வந்தால் இறங்கி உருட்டுவேன். லாரி ஹாரன் அடித்தால், "நீங்க போங்கண்ணே!" ஒருநாள் கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். பெட்டி நல்ல கனம். முட்டை தாராளமாகப் போடுகிறாள் என்று பெருமைகூடப் பட்டேன். என் உயிருக்குக் கொடுக்காத மரியாதையை க்ரீமுக்குக் கொடுத்தேன்.

நேற்று ஒரு லாரி, சைகை காட்டாமல் என் பக்கம் திரும்பியது. பழைய வேகமாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பேன். ஊர்ந்துகொண்டிருந்ததால் பிரேக் பிடித்தது. முழங்கால் சிராய்ப்போடு விழுந்தேன். பெட்டி நடுரோட்டில் கிடந்தது.

"ஐயோ, கேக்!" ஓடிப்போய் டேப்பைக் கிழித்தேன்.

உள்ளே ஒரு செங்கல். துணி சுற்றி, பத்திரமாக.

நொண்டிக்கொண்டே வீடு வந்து கத்தினேன். "இத்தனை நாளும் செங்கல்லையா தாலாட்டிக்கிட்டுப் போனேன்?"

"பின்னே? தினமும் நசுக்க கேக் குடுப்பாங்களா?" என்றபடி மருந்து போட்டாள்.

"உன் சிநேகிதி வாங்கி வாங்கி உள்ள வெச்சாளே!"

"கடைக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற தொட்டி கட்டுறா. வண்டிக்கூலி மிச்சம்னு அவளுக்கு ஒரே சந்தோஷம்." பிறகு குரல் இறங்கியது. "நீங்க மட்டும் பழைய மாதிரி பறந்திருந்தா..." முடிக்காமல் பஞ்சை அழுத்தினாள். எனக்கும் அது புரிந்தது. ஆனால் வீம்பு விடுமா?

"இனிமே உன் பாச்சா பலிக்காது. நாளையிலேர்ந்து பறக்கத்தான் போறேன்."

"தாராளமா பறங்க. உங்க மேனேஜர் பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் குடுத்திருக்கார். நாளைக்குப் பெட்டில இருக்கிறது அதுவா, செங்கல்லான்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்."

இன்று காலை, பச்சை விளக்கு எரிந்த பிறகும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன்.