தானேக்காரர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு. வேலை செய்யாதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: அடுத்தவர் வேலைக்குப் பின்னால் ‘தானே’ சேர்க்கிறவர்கள். அறுவை சிகிச்சையா? கிழிச்சுத் தைக்கிறதுதானே. பாலமா? இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு பலகைதானே.

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்கும் ஒருவரைத் தெரியும்.

இணைய விளையாட்டு தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில், மேலாளர் நாற்காலியில், இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே ஒலிக்குப் பொறுப்பாக ஒரு பொறியாளன். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஆகவே அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் சவுண்டு. அவன் மனைவிக்கு நிறைமாதம். வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் லீவு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

“தாராளமா போயிட்டு வா தம்பி. ஆடுறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற மாதிரி மட்டும் பண்ணிக் குடுத்துட்டுப் போ. ஒரு மைக்தானே!”

மைக்தான். ஆனால், “பின்னால சுடுறான்டா!” என்ற கத்தல் ஒரு நொடி தாமதமாகப் போனால், எச்சரிக்கை அஞ்சலியாக அல்லவா போய்ச் சேரும்? ஓர் ஆட்டத்துக்கு நாற்பது பேர்; அத்தனை பேரும் சேர்ந்து பேசினால் சந்தை. இரைச்சலை வடிகட்டினால் மின்விசிறிச் சத்தத்தோடு மெல்லப் பேசுகிறவள் குரலும் வடிந்துவிடும். ஒருவர் ஹெட்போன் போடாமல் ஸ்பீக்கரில் கேட்டாலோ, அதில் வந்த குரலை அவர் மைக்கே விழுங்கி, சொன்னவரிடமே திருப்பிக் கக்கும். இதையெல்லாம் சவுண்டு சொன்னான். சொல்ல ஆரம்பித்தான் என்பதே சரி.

“எதிரொலி வருது சார், அதை அடக்க இன்னும் ரெண்டு நாள்...”

“எதிரொலிதானே? வந்துட்டுப் போகட்டும்.”

“வீட்ல டாக்டர் எப்ப வேணா...”

“குழந்தைதானே? அதுபாட்டுக்குப் பொறக்கும். நீ போயா பெத்துக்கப் போறே?”

வியாழன் மதியம் வெள்ளோட்டம். ‘ஹெட்போன் போடவும், பேசியதும் மைக்கை மூடவும்’ என்று எல்லோருக்கும் சவுண்டு குறிப்பு அனுப்பியிருந்தான். மேலாளர் படிக்கவில்லை. குறிப்புதானே! வெளியூரிலிருந்து ஆட்டத்தில் சேர்ந்த முதலாளியும் படிக்கவில்லை.

“குரல் கண்ணாடி மாதிரி இருக்கே! யாருய்யா செஞ்சது?” என்றார் முதலாளி.

“நான்தான் சார், ராப்பகலா...” என்ற மேலாளர், மைக் மூடிவிட்டதாக நினைத்துச் சவுண்டின் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். “முதலாளிதானே! அவருக்கு என்ன தெரியும்?”

அந்த வாக்கியம் முதலாளியின் ஸ்பீக்கரில் ஒலித்து, அவர் மைக்கில் புகுந்து, மேலாளர் மேசைக்கே திரும்பி வந்து, அங்கிருந்து மறுபடி கிளம்பியது. முதலாளிதானே... தானே... தானே... நாற்பது பேரும் சுடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“தம்பி, எதையாவது பண்ணித் தொலைடா!” என்றார் மேலாளர். அதுவும் ஊர்வலம் போனது.

சவுண்டு எழுந்து வந்தான். மேலாளரின் மைக்கருகே குனிந்து, அந்த அலுவலகத்தில் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினான்.

“நாளையிலேருந்து பத்து நாள் லீவுதானே சார்?”

தானே சார்... தானே சார்...

“குடுத்தாச்சுப்பா, குடுத்தாச்சு!” முதலாளி அலறினார். “முதல்ல இந்தச் சனியனை நிறுத்து!”

சவுண்டு ஒரு பட்டனை அமுக்கினான்.

என்ன, ‘அட, ஒரு பட்டன்தானே’ என்று முணுமுணுத்தீர்களா? உங்கள் மைக் மூடியிருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.