பத்தேகால் மணி மெட்ராஸ் ஐ

பத்தேகாலுக்கு டீ சங்கு ஊதியதும் மதுரைவீரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் பேப்பர் கப், வாயில் பாதி பிஸ்கட், சுற்றிலும் பிரேக் டிரம் லைன் ஆட்கள். மறைய ஓர் இடமில்லை.

"ஏனாய்த்து மகா? கண்ணு ஏன் கலங்குது?" என்றான் பக்கத்தில் நின்ற பிரதாப். அத்திப்பள்ளியிலிருந்து பைக்கில் ஓசூருக்கு வேலைக்கு வருகிறவன். பாதி கன்னடம், பாதி தமிழ்; கூட்டாளி யாராக இருந்தாலும் 'மகா'தான்.

"மொளகா கடிச்சுட்டேன்."

"பிஸ்கட்லயா?"

அதோடு அந்தப் பொய் செத்தது.

விஷயம் இதுதான். சிங்காரப்பேட்டையில் இருந்த அவன் அப்பா தினமும் பத்தேகாலுக்குப் போன் பண்ணுவார். "டீ குடிச்சியா?" "குடிச்சேன்ப்பா." "சரி, வெச்சிடறேன்." ஆறு வருஷமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மனுஷன் போய் இருபது நாள் ஆகிறது. சுடுகாட்டில் பெரியப்பா இவன் தோளை அழுத்தி, "அழக் கூடாதுடா. ஆம்பள நீ ஒடஞ்சா உங்கம்மா என்னாவா?" என்றார். இவனும் ஒரு சொட்டு விடவில்லை. கல்லு மாதிரி நின்னான் பாரு என்று ஊரே மெச்சியது. அன்றைக்கு அடக்கிய தண்ணீர் இப்போது தினமும் டீ சங்குக்கு, கம்பெனி பஸ் மாதிரி நேரம் தவறாமல் வந்து நிற்கிறது.

அழுதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். இதே லைனில் இருந்த பாலாஜியைக் கேட்க வேண்டும். போன வருஷம் அண்ணன் விபத்தில் செத்தபோது, லாக்கர் ரூமில் ஒரே ஒரு நாள் அழுதான் பாவம். அன்றிலிருந்து அவன் பெயர் 'குழாய்'. சூப்பர்வைசர் சௌந்தரராஜன் வைத்த பெயர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதும் அதுதான். வேறு ஷிப்டு கேட்டு வாங்கிப் போனான். பெயர் அவனுக்கு முன்னாலேயே போய் அங்கே காத்திருந்தது. கடைசியில் வேலையையே விட்டுவிட்டான்.

மறுநாள் பத்தேகாலுக்கு அந்தச் சௌந்தரராஜனே எதிரில் வந்து நின்றார்.

"என்னடா, பேர மட்டும் வீரன்னு வெச்சுக்கிட்டு கண்ணுல தண்ணி?"

"மெட்ராஸ் ஐ சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மனுஷன் மூன்றடி பின்னால் போனார். முதலுதவிப் பெட்டியிலிருந்து கண் சொட்டு மருந்தை எடுத்துத் தரையில் வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஷூவால் இவன் பக்கம் தள்ளினார்.

"லீவு கெடைக்குங்களா சார்?"

"டிஸ்பேட்ச் நேரத்துல லீவா? கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வேலையப் பாரு. எவன் மூஞ்சியையும் நிமிந்து பாக்காத."

கருப்புக் கண்ணாடிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். இது தெரியாமல் போச்சே என்று நினைத்துக்கொண்டான்.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். விஷயம் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. பெண்டாட்டி சுமலதா தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியாக எடுத்து வைத்திருந்தாள். கண்ணில் வைக்க நந்தியாவட்டைப் பூ வேறு. நாலு வயசு மகள் காவியா மறுநாள் காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, டாட்டா" என்றாள்.

"சுமா, எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. அப்பா நெனப்புதான்..." என்று ஆரம்பித்தான்.

"நெனப்பு இருக்காதா பின்ன? ஆனா நீங்க அன்னிக்கு நின்ன நெலைய எங்கப்பா இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு. மாப்பிள்ளைன்னா அப்படி இருக்கணும்னு."

கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

மூன்றாம் நாள் பிரதாப் கருப்புக் கண்ணாடியோடு வந்தான். "ஒட்டிக்கிச்சு மகா."

மதுரைவீரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லாத வியாதி எப்படி ஒட்டும்? அடுத்த நாள் இரண்டு பேர். வாரக் கடைசியில் பத்துப் பேர். திங்கட்கிழமை சௌந்தரராஜனே கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, "எல்லாம் உன்னாலதாண்டா" என்று கத்தினார். இவனோடு சேர்த்துப் பன்னிரண்டு. டீ நேரத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குடித்தார்கள். இவனுக்கோ, அப்பா செத்த அன்றுகூட இப்படித் தனியாக இருந்ததாக ஞாபகமில்லை.

ஆபீஸ் பயந்துவிட்டது. லீவிலிருந்து திரும்பிய நர்ஸ் வினிதா பன்னிரண்டு பேரையும் டார்ச் அடித்துப் பார்ப்பாள் என்றும், பொய் சொன்னவன் யாராக இருந்தாலும் காரணத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். தொலைந்தோம் என்று நினைத்தான் மதுரைவீரன். 'குழாய்' என்ற பெயர் ஆளில்லாமல் சும்மாத்தான் கிடக்கிறது.

வரிசையில் அவன் கடைசி. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இரண்டு நிமிஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடியோடே திரும்பினார்கள். எல்லாருக்கும் நிஜ வியாதி, கொடுத்து வைத்தவர்கள். சௌந்தரராஜன் மட்டும் பத்து நிமிஷம் உள்ளே இருந்தார். பெரிய ஆளுக்குப் பெரிய வியாதி போல.

வினிதா இவன் கண்ணாடியைக் கழற்றினாள். பத்து நாளில் அவன் கண்ணை நேராகப் பார்த்த முதல் ஆள் அவள்தான். அதிலேயே இவனுக்கு உதடு கோணிக்கொண்டது.

"கண்ணு சுத்தமா இருக்கேண்ணா."

"சிஸ்டர், எங்கப்பா போயிட்டாருங்க. அழுவ நிக்க மாட்டேங்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், மெட்ராஸ் ஐன்னே எழுதிடுங்க. வெளிய இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா என்னால இங்க இருக்க முடியாது."

வினிதா ரிஜிஸ்டரை அவன் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழே, எல்லாப் பெயருக்கும் எதிரில் ஒரே வியாதி.

"பதினோரு பேருக்கும் அப்படித்தாண்ணா எழுதியிருக்கேன், ஒருத்தர் கண்ணுலயும் ஒண்ணுமில்ல, ரொம்ப நேரம் அழுதது உங்க சூப்பர்வைசர்தான்."