மேட்டில் அடித்த ஆணி

கூரையிலிருந்து மூன்றாவது சொட்டு காளியண்ணனின் சோற்றில் விழுந்தது.

"ரசம் வேணுமான்னு கேட்டேன். வேணாம்னீங்க," என்றாள் அவர் மனைவி திலகம்.

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டை விட்டு, கோலா தெர்லா ரோட்டில் சொந்த வீடு வாங்கிய முதல் ஆள் காளியண்ணன். ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு, ஒரே தகரக் கூரை. ரோட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் அவருடையது. வலப்பக்கத்தைப் பின்னாலேயே வாங்கியவர், தங்கை பவளத்தின் புருஷன் ரெங்கசாமி.

வேலை செய்யும் தேயிலை ஆலையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் காளியண்ணன் யோசனை சொல்வார். "தகரத்துல ஆணிய மேட்டுல அடிக்கணும். பள்ளத்துல அடிச்சா தண்ணி எறங்கும். ரப்பர் வாஷர் இல்லாம ஆணியத் தொடாத. மணலக் கழுவிட்டு சிமெண்டு கலக்கணும்."

அவர் பேச்சை நம்பி வீடு வாங்க நினைத்த இருபது பேர், ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஒழுகற வீட்டுல நின்னுக்கிட்டா ஆணியப் பத்திப் பேசுவீங்க?" என்றாள் திலகம்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள பாரு."

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. அங்கிருந்து ஒரு பலகை போட்டால் கூரை. புதன்கிழமை வேலைக்குப் போகுமுன் சுற்றிப் போய் ஏறினார். பனிமூட்டத்தில் தார் டின்னே சரியாகத் தெரியவில்லை. ரோட்டுப் பக்கம் பார்த்து நின்று, இடப்பக்கம் திரும்பி, ஆணித் தலை ஒன்று விடாமல் தடவித் தடவித் தார் வைத்தார்.

மறுநாள் மழையில் இரண்டு இடத்தில் ஒழுகியது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெங்கசாமியின் குரல் வந்தது. "மச்சான், பேசின் போதலன்னா சொல்லுங்க. லயத்துல ஒழுகுனா எஸ்டேட் துரை ஆள் அனுப்புவாரு. சொந்த வீடுன்னா சும்மாவா லா!"

வெள்ளிக்கிழமை மறுபடி பனி, மறுபடி கூரை. வாஷரெல்லாம் மாற்றினார். மணலைக் கழுவி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் சிமெண்டு வரப்பு கட்டினார். அன்று மாலை நான்கு இடத்தில் ஒழுகியது. அதில் ஒன்று கட்டிலுக்கு நேராக.

சனிக்கிழமையும் பனிதான். காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"முழுசா மூடி, ஒரு பக்கம் கட்டை குடுத்துத் தூக்கிட்டா, தண்ணி வரப்பத் தாண்டி மாப்பிள்ள பக்கம் போயிரும். அவருகிட்டதான் பேசின் நெறைய இருக்காமே."

"அங்க பவளமும் இருக்காளேங்க."

"அவ கொட புடிச்சுக்குவா."

ஞாயிற்றுக்கிழமை மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. காளியண்ணன் வீட்டில் சொட்டவில்லை. குழாய் திறந்த மாதிரி கொட்டியது. பேசின், பக்கட், சோற்றுப் பானை எல்லாம் நிரம்பின. வந்தவர்கள் குடையை மடக்காமலே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"அண்ணே, இதுல மேட்டுல அடிச்ச ஆணி எது?" என்று கேட்டான் ஆலையில் கூட வேலை செய்யும் அர்ஜுனன்.

சிரிப்பு அடங்குமுன் ரெங்கசாமி வாசலில் வந்து நின்றார். "வாங்க, எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க. ஒரு சொட்டு காட்டுங்க பார்ப்போம்."

போனார்கள். காளியண்ணனும் கடைசியாகத் தலையைத் துவட்டிக்கொண்டே போனார். தரை காய்ந்து பளபளத்தது. அர்ஜுனன் சுவரைத் தட்டிப் பார்த்தான், மூலையெல்லாம் தடவிப் பார்த்தான், ரெங்கசாமியிடம் திரும்பினான்.

"என்னண்ணே செஞ்சீங்க? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க. இனிமே நீங்க சொல்றதுதான்."

ரெங்கசாமி தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் வீட்டப் பாத்துக்கற விதம்தான்."

காளியண்ணன் தரையைப் பார்த்தார்.

தேநீர்த் தட்டோடு வந்த பவளம் முதல் கோப்பையை அண்ணனிடம் நீட்டிவிட்டு, புருஷனைப் பார்த்தாள்.

"இவரா? இவருக்கு ஏணியப் பார்த்தாலே தல சுத்தும். மூணு நாளு பனியில எங்க கூரைமேல ஏறி, தாரு, சிமெண்டு, பிளாஸ்டிக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சது எங்கண்ணன்தான்; தன் வீடு ஒழுகினாலும் தங்கச்சி வீடு ஒழுகக்கூடாதுன்னு!"