கை உதிர்ந்தால் கண் தெரியும்

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். நிற்பவர்கள் எல்லாரும் படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள். உள்ளே நீல விளக்கில் ஒரு பெரிய கடல்நீர்த் தொட்டி. தொட்டியில் பதினோரு வயதான சிவப்பு நட்சத்திர மீன் ஒன்று. பக்கத்தில் வெள்ளைப் பட்டுச் சட்டையில் ஐங்கண்ணர்.

இவர் முன்பு இதே இடத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தார். இதே தொட்டி, இதே விளக்கு, இதே மீன். அப்போது ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கடைப் பலகையைக் கழற்றினார். வாசலில் கறுப்புத் திரையைத் தொங்கவிட்டார். குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மொத்த முதலீடு அவ்வளவுதான்.

"நட்சத்திர மீனுக்கு ஒவ்வொரு கை நுனியிலயும் ஒரு கண்ணு. அஞ்சு கை, அஞ்சு கண்ணு" என்பார்.

இது உண்மை. பொய்யைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்பூன் உண்மை வேண்டுமே, அந்த ஸ்பூன் இதுதான்.

"உங்க வீட்டுத் தொட்டில ஒரு மீன வைங்க. நான் தர்ற செப்புத் தகட்ட அதுல போடுங்க. மீனோட கை ஒவ்வொண்ணா உதிரும். ஒரு கை உதிர்ந்தா உங்க மங்கல்ல அஞ்சுல ஒரு பங்கு போச்சு. அஞ்சும் உதிர்ந்தா முழுப் பார்வை. நடுவுல கண்ணுல கத்தி வெச்சீங்கன்னா எல்லாம் பாழ்."

ஐந்தும் உதிரும் முன்பே மீன் செத்துவிட்டால்?

"வீட்ல யாரோ நம்பலைன்னு அர்த்தம். அடுத்த மீன் வாங்கணும்."

இந்த ஏற்பாட்டில் யாரும் தோற்க வழியே இல்லை. மீனைத் தவிர.

எங்கள் அம்மா தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்து வீட்டு டீச்சரின் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துக் கொடுத்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. டீச்சர் நல்லவர். "புது ஃபேஷனா?" என்று மட்டும் கேட்டார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, "கால் மணி நேர வேலை, சீக்கிரம் வாங்க" என்று தேதி கொடுத்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடுவார். நாலாவது தடவையும் பார்க்கத் திரும்பி வந்ததுண்டு. அப்பேர்ப்பட்டவர் ஐங்கண்ணரிடம் போய், ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு தொட்டி, ஒரு மீன், ஒரு தகடு சகிதம் திரும்பி வந்தார். டாக்டர் கொடுத்த தேதியை ரத்து செய்தார்.

பையைக் கிழித்து மீனைத் தொட்டியில் கவிழ்த்தார். மேலே தகட்டைப் போட்டார். இரண்டாம் நாள் ஒரு கை உதிர்ந்தது. வீட்டில் ஒரே குதூகலம்.

"எப்படி இருக்கும்மா?" என்றார் அப்பா.

"கொஞ்சம் வெளிச்சமா இருக்கிற மாதிரி இருக்கு."

"அம்மா, நான் ஜன்னலத் திறந்தேன்" என்றாள் அக்கா.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. மருந்து டப்பாவில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்கும் மனிதர்கள் இந்த உலகில் சிலரே, அவர்களில் ஒருத்தி. வீட்டில் நம்பாத ஆள் யார் என்று அப்பா தேடியபோது அவருக்குச் சிரமமே இருக்கவில்லை.

மூன்று கை உதிர்ந்ததும் மீன் கூழாகிச் செத்தது. இரண்டாவது மீனையும் வாங்கி, இரண்டாவது தேதியையும் ரத்து செய்தார் அப்பா. அது நாலு கை வரை தாக்குப்பிடித்தது. அப்பா அதை முன்னேற்றம் என்றார். டாக்டர் வேறு மாதிரி சொன்னார்: "புரை முத்திக்கிட்டே வருது. வர்ற வியாழக்கிழமை கடைசி. அதுக்கு மேல தள்ளினா, பார்வை திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அப்பா அதற்கும் தலையாட்டினார். வரும் வழியில் மூன்றாவது மீனை வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையே அக்காவின் கடைக்கு ஒருவர் வந்து மீனுக்கு மருந்து கேட்டார். நாய், பூனை மருந்துகளுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது. வழக்கம்போல் அக்கா பொடி எழுத்தைப் படித்தாள். 'செம்பு கலந்தது. நட்சத்திர மீன், இறால், பவளம் உள்ள தொட்டியில் ஊற்றக் கூடாது.'

"ஏன் சார் ஊத்தக் கூடாது?"

"செம்பு பட்டா அதுங்க செத்துடும்மா. தொட்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியுமே" என்றார் வந்தவர். அவர் வீட்டில் ஆறு வருஷமாக ஒரு நட்சத்திர மீன் இருக்கிறதாம். எப்படி வளர்ப்பது என்று அக்கா கேட்க, அரை மணி நேரம் சொன்னார்.

அன்று அப்பா புது மீனைப் பையோடு வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா தொட்டியைக் காலி செய்தாள். செம்பு ஊறிய மணலையும் கல்லையும் குப்பையில் போட்டாள். புதிதாக உப்புக் கரைத்து, உப்பின் அளவை மிதவைமானியால் பார்த்தாள். மூன்றாவது மீனைக் கவிழ்க்கவில்லை. பையோடு ஒரு வாளியில் வைத்து, பழைய குளுக்கோஸ் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் அதற்குள் விட்டாள். பிறகு காற்றுப் படாமல் தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏந்தி உள்ளே இறக்கினாள். ஒரு சிப்பித் துண்டையும் வைத்தாள். தகட்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மீன் கண்ணாடி மேல் ஏறி ஊர்வலம் போக ஆரம்பித்தது. ஐந்து கையும் பத்திரம். ஞாயிறு வரை ஒரு நகம் அளவுகூட உதிரவில்லை. அப்பா இடிந்து போனார்.

"தகட்ட நான் எடுத்துட்டேன்பா. அதான் அது நல்லா இருக்கு."

"எங்க வெச்சிருக்கே?"

"என் பையில."

அப்பா யோசித்தார். "அப்போ பையில இருந்தே காப்பாத்திருக்கு. எவ்வளவு சக்தி பாரு!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சரி வாங்க. அவர்கிட்டயே கேட்டுடலாம்."

ஞாயிற்றுக்கிழமை திரைக்குள் நூறு பேர் இருந்தார்கள். அப்பா கைகூப்பினார். "வியாழக்கிழமை டாக்டர் கூப்பிடறாருங்க. இன்னும் ஒரு கைகூட உதிரல."

"தகடு தொட்டில இருக்கா?" பாதிக் குரலில் கேட்டார் ஐங்கண்ணர்.

"இல்ல. என் பையில இருக்கு" என்றாள் அக்கா.

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஐங்கண்ணர் கனிவாகச் சிரித்தார். "பாத்தீங்களா? நம்பாத ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஒத்துக்கறேன் ஐயா. இங்கேயே நம்பிட்டுப் போறேன். உங்க தொட்டில மட்டும் தகடு இல்லையே, ஏன்?"

"இவளுக்குத் தேவையில்ல" என்று மீனைக் காட்டினார்.

"போட்டா கெடுதலா?"

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெடுதல் என்று எப்படிச் சொல்வார்? "அது எப்படிம்மா கெடுதல் ஆகும்? நல்லதுதான்."

"நல்லதா?"

"நல்லது."

தொபக்.

அடுத்து நடந்ததை இரண்டு விநாடிக்குள் பார்த்தாக வேண்டும். ஐங்கண்ணர் பாய்ந்தார். பட்டுச் சட்டை, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் அக்குள் வரை தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பாதியாக இருந்த குரல் முழுசாகத் திரும்பி வந்தது.

"செம்புடி! செம்பு! மீன் செத்துடும்டி!"

தகட்டை எடுத்துச் சுவரில் விட்டெறிந்தார். அப்புறம்தான் நூறு பேர் இருப்பது ஞாபகம் வந்தது. சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மீன் மேல் அவருக்கு இருந்த பாசம் பொய்யில்லை. அந்தப் பாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு எங்கள் அம்மாவின் கண் மேல் இருந்திருக்கலாம்.

"ரெண்டு செகண்ட்ல அதுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்றாள் அக்கா. "எங்க வீட்ல நாள்கணக்கா ஊறவெச்சோம்."

அப்பா முன்னால் வந்தார். போல்ட்டைத் திருகிப் பார்க்கும் முகம். "அப்போ இது போட்டா சாகும்னு உனக்குத் தெரியும்?"

"அது வந்து… அதிர்வு மாறும்போது…"

"ரெண்டு மீனு. என் கையாலயே கொன்னேன். அதுகூடப் போகட்டும்யா. என் பொண்டாட்டி கண்ணுல புரை முத்திக்கிட்டு இருந்துச்சு. உதிர உதிர நான் கைதட்டிட்டு இருந்தேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்ல அஞ்சு கையும் உதிர்ந்துச்சு. பார்வைதான் வரல."

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றார் அப்பா.

"மத்த எல்லாருக்கும் வந்திருக்கும்னு நினைச்சேன்."

"எனக்கும் வரல" என்றார் ஒருவர். "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் இன்னொருவர். அப்புறம் அறை முழுக்க அதே பேச்சு. தனக்கு மட்டும் தெரியவில்லை என்று நூறு பேரும் தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டு, நூறு பேரும் சேர்ந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். ஐங்கண்ணர் பின்கதவைத் தேடினார். முன்பக்கத் திரையை யாரோ கிழித்து எறிய, அந்த அறைக்குள் பகல் வெளிச்சம் வந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போடும் முன் அப்பா டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை வருஷம் படிச்சீங்க? இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? அந்த லென்ஸ் எங்க தயாரிச்சது? கத்திய எப்படிக் கழுவுவீங்க? நடுவுல கரண்ட் போனா?"

பதினேழு கேள்வி. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பச்சைக் குல்லாயோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார்.

"நல்லாக் கேளுங்க. இதுல ஒரே ஒரு கேள்விய அந்தத் திரைக்குள்ள கேட்டிருந்தா, ரெண்டு தேதி முன்னாடியே உங்க முகத்தப் பாத்திருப்பேன்."

அப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டாவது கேள்வி கேட்கவில்லை.

பத்து வருஷம் படித்தவரைக் குறுக்கு விசாரணை செய்கிறோம். திரை தொங்கவிட்டவரைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது. பிறவியிலேயே இல்லை, அதைக் குற்றம் சொல்ல முடியாது. நமக்கு இருந்தது எந்த வரிசையில் நின்றபோது உதிர்ந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், யோசிக்க இன்னும் மிச்சம் இருந்தால்.