டபராவில் வைத்த பாட்டில்

பெண் பார்க்கப் போகிறவன் சட்டைப்பையில் சீப்பு, எலுமிச்சம்பழம், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பிளாட்டினம் கம்பி மட்டும் கூடாது. நான் வைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில், கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்த கையோடு (தலையைவிடத் தலைக்கனம் பெரிதாக இருந்த காலம்) விருதுநகரிலிருந்து அப்பாவுடன் சிவகாசிக்குப் போனேன். பெண் பெயர் செல்வி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அவள் அப்பா பட்டாசுக் கம்பெனி போர்மேன். வீட்டுக்குள்ளும் தீயணைக்கச் சிவப்பு வாளியில் மண் நிரப்பி வைத்திருப்பவர்.

"மாப்ளே என்ன படிச்சிருக்கீக?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், ரியாக்டர் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரே பாட்டில், ஒரே ஸ்பிரிட், ஒரே கம்பி. ஆனா ரெண்டு நிலைமை மாமா! சில்லுன்னும் இருக்கும், தகதகன்னும் இருக்கும். எதுல ஆரம்பிக்கிறோமோ அதுலயே நிக்கும்!"

"தீ கீ வருமா?"

"தீயே கிடையாது மாமா!"

மஞ்சள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, ஸ்பிரிட்டுக்கு மேலே கம்பிச் சுருளைத் தொங்கவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதே கம்பியை அடுப்புத் தணலில் காய்ச்சித் தொங்கவிட்டேன். ஸ்பிரிட் ஆவி கம்பியில் பட்டுச் சூடு பிறந்தது. அந்தச் சூட்டிலேயே கம்பி ஆறாமல் ஜொலித்தது! போர்மேன் வாயைப் பிளந்தார். (எனக்குக் கால் தரையில் இல்லை.)

அந்த நேரம் பார்த்துச் செல்வி காபி கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்துக் கம்பியும் மங்கியது. விடுவேனா? ஆவி கூடினால் ஜொலிப்பும் கூடும் என்று, கொதிக்கிற காபியை டபராவில் ஊற்றி, அதற்குள் பாட்டிலை வைத்தேன். ஜொலித்தது! இன்னும் ஜொலித்தது! "பாருங்க, பாருங்க!" என்று நான் கூவ, டப்!

பாட்டில் வாயில் நீலத் தீ. காபி என் வேட்டியில்.

"எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடுங்க!" என்று போர்மேன் கத்தினார். சிவகாசியில் 'டப்' கேட்டால் யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள், கூடத்தில் கூடியிருந்த பன்னிரண்டு உறவினர்களும் தெருவில். முதலில் போய்ச் சேர்ந்தவர் என் அப்பா.

உள்ளே நான், செல்வி, அவள் கையில் சிவப்பு வாளி. பாதி மண் பாட்டில் மேல் விழுந்தது. மீதி என் தலையில்.

"ரெண்டு நிலைமைன்னுதான சொன்னீக? இது மூணாவதா?" என்றாள்.

சத்தியமாக, புத்தகத்தில் மூன்றாவது ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும்; லேசாகத் தட்டினாலே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடும். என் கல்யாணம் அப்போது அங்கேதான் இருந்தது.

"இவருக்குப் பொண்ணக் குடுத்தா வீட்டையே கொளுத்திருவாரு!" என்று போர்மேன் தெருவிலிருந்து கத்தினார்.

"அதுக்குத்தான்ப்பா நான் போறேங்கேன். அங்கன வாளி தூக்க யாரு இருக்கா?" என்றாள் செல்வி.

எனக்கு அப்படியே ஒரு குதி குதிக்கத் தோன்றியது. மண் கண்ணில் இருந்ததால் குதிக்கவில்லை.

கல்யாணச் சீரில் பித்தளை அண்டாவோடு ஒரு சிவப்பு வாளியும் வந்தது, மண்ணோடு. நான் குரலை உயர்த்தினால் பிள்ளைகள் இன்றும் "அம்மா, வாளி!" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் செல்வி டபராவோடு காபி கொடுப்பாள். எனக்கு மட்டும் வெறும் டம்ளர்தான்.