உள்ளங்கால் யோகம்

எடப்பாடிக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் கூட்டம் பந்திக்கு முந்துவதுபோல் முந்தியது. ‘மச்ச மகான்’ குருமூர்த்தி வந்திருந்தார். மச்சத்தைப் பார்த்தே தலையெழுத்தைச் சொல்வாராம். மூக்கில் இருந்தால் கோபம், முதுகில் இருந்தால் புகழ். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதவர்கள் எல்லாம் புகழை நம்பி வரிசையில் நின்றார்கள்.

எட்டு விசைத்தறிக்குச் சொந்தக்காரரான வெள்ளியங்கிரிக்கு வரிசை கிடையாது. அவருடைய உள்ளங்காலில் மிளகளவு இருந்த கறுப்பு, ஒரே வருடத்தில் சட்டைப் பித்தான் அளவுக்குப் படர்ந்திருந்தது. ஓரமெல்லாம் கோணல், ஓரிடம் கறுப்பு, ஓரிடம் பழுப்பு. “வாகன யோகம் வளருது! கத்தி பட்டாப் போயிரும்” என்று மகான் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வெள்ளியங்கிரி செருப்பைக்கூட மரியாதையாகப் போட்டார்.

அண்ணன் மகள் தமிழினி சேலத்தில் ஒரு லேபில் சதைத் துண்டுகளைப் பரிசோதனைக்குத் தயார் செய்பவள். அந்தக் காலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“சித்தப்பா, இது கெட்ட கட்டியா இருக்கலாம். துளி வெட்டிப் பாக்கோணுங்க.”

“யோகத்தை வெட்டறதா? வெளையாடாத கண்ணு.”

“அந்தச் சாமிகிட்ட இதே மச்சத்தை ரெண்டு தடவை காட்டுவோம். ரெண்டு தடவையும் ஒரே பலன் வந்தா நான் வாயே தொறக்க மாட்டேனுங்க. மாறுச்சுன்னா ஆசுபத்திரிக்கு வரோணும்.”

“சரி சாமி!” வெள்ளியங்கிரிக்கு மகான் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மேடையில் தமிழினி கட்டிவிட்ட, துளை போட்ட ஒரு போர்வை தொங்கியது. “சாமி ஆளைப் பாக்காம, மச்சத்தை வெச்சே சொல்லிப்போடுவாருங்க!” என்று தமிழினி மைக்கில் புகழ்ந்தாள். கூட்டம் கைதட்டியது. கைதட்டலுக்கு நடுவே மாட்டேன் என்று சொல்ல எந்த மகானுக்குத்தான் மனசு வரும்?

துளை வழியே முதல் கால் நீண்டது.

“எட்டுத் தறி மொதலாளிங்க சாமி” என்றாள் தமிழினி.

“ஆகா, வாகன யோகம்! வளரட்டும்!”

அடுத்து வேறு நாலு பேரின் கால்கள். ஆறாவதாக மறுபடியும் அதே வெள்ளியங்கிரி கால்.

“தறியில கூலிக்கு ஓட்டற ஆளுங்க.”

மகான் முகம் சுளித்தார். “சனி மச்சம்! பரிகாரம் பண்ணாம விடாது.”

“மொதக் காலும் இவரு காலுதானுங்க” என்று தமிழினி போர்வையை விலக்கினாள். வெள்ளியங்கிரி நெளிந்துகொண்டு நின்றார்.

பலன் கேட்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆராயி என்ற பெண் எழுந்தாள். “ஏனுங்க சாமி, இத்தாப்பெரிய மச்சம்! கால் மணி நேரம் முந்திப் பாத்தது அடையாளம் தெரியலீங்களா?”

எப்படித் தெரியும்? அவர் மச்சத்தைப் பார்த்தால்தானே! இத்தனை நாளும் பார்த்தது கழுத்துச் சங்கிலியையும் வண்டிச் சாவியையும்தான்.

“அதுக்குள்ள கிரகம் நகந்திருச்சு...”

“எங்கூரு பஸ்ஸே அத்தனை வேகம் போகாதுங்க!”

மண்டபம் அதிர்ந்தது. மகான் சமையற்கட்டு வழியாக நகர்ந்தார், கிரகத்தைவிட வேகமாக.

வாக்குப்படி வெள்ளியங்கிரி ஆசுபத்திரிக்குப் போனார். வெட்டிய துளிச் சதையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினார்கள். பிறகு டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்தார்.

“அதுல என்ன தெரியும் கண்ணு?” என்று வெள்ளியங்கிரி தமிழினியிடம் கேட்டார்.

“நல்ல மச்சத்துல செல்லெல்லாம் கொத்துக் கொத்தா ஒழுங்கா இருக்கும், கீழ எறங்க எறங்கச் சிறுசாகும். கெட்டதுல, தறியில பாவு நூல் அறுந்தாப்புல தாறுமாறாக் கெடக்கும், மேல்தோலுக்கு ஏறும். சந்தேகமுன்னா வேற சாயம் போட்டு மறுக்காப் பாப்போம். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுவோங்க.”

முடிவு வந்தது: மெலனோமா, தோல் புற்றுநோய். நல்லவேளை, மேல்தோலைத் தாண்டவில்லை. சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் வெள்ளியங்கிரி தறிக்கூடத்துக்கு நடந்தே போனார்.

பெரும்பாலான மச்சங்கள் சும்மா கிடப்பவை. வளர்வதையும் நிறம் மாறுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள். மகான்களைத்தான் பார்ப்பேன் என்றால் வாசலில் செருப்பை மட்டும் கழற்றுங்கள். மூளையையும் கழற்றி வைக்கச் சொல்லி எந்த மண்டபத்திலும் பலகை மாட்டவில்லை.