கோழிச் சட்டியின் மூடி

"உங்க அப்பா எப்பதான் சிரிப்பாரு?"

"ஸ்ரீலங்கா ஜெயிச்சா சிரிப்பாரு."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் டீ குடிப்பாரு."

பசறை பஸ் நிலையத்தில் நின்றிருந்த யசோதினி இதற்குச் சிரிக்கவில்லை.

"வெளையாடாதீங்க. அடுத்த வாரம் வெலிமடையிலேருந்து என்னையப் பொண்ணு பாக்க வர்றாங்க. உருளைக்கிழங்கு லாரி வச்சிருக்காங்களாம். எங்கம்மா இப்பவே பலகாரத்துக்கு மாவு அரைக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவங்க வர்றதுக்குள்ள உங்க வீட்டுல கேட்டுருங்க. இந்த ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு. இந்தியாவும் ஸ்ரீலங்காவும்."

"நல்லதாப் போச்சு. ஸ்ரீலங்கா ஜெயிக்கட்டும். அவரு சிரிக்கிறப்போ கேட்டுருங்க."

ஸ்ரீலங்கா ஜெயிக்கட்டும். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள் என்று ஜீவன் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டியில் வெங்காயம் கருகியது.

"என்னடா கருகுது?" நடு அறைக் கட்டிலிலிருந்து அம்மா இராக்கம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா வதங்குது."

முந்தாநாள் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது கால் சறுக்கி, கணுக்கால் வீங்கிப் படுத்திருந்தாள் இராக்கம்மா. இன்றைக்கு நான் சமைக்கிறேன் என்று காலையில் ஜீவன் சொன்னதும் மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். நீ பேசாம படு."

"போன வருசம் ஒரு நாளு எனக்குத் தண்ணி மோந்து குடுத்த. மறுநாளே புது போன் கேட்ட. இன்னிக்கு சமைக்கிறேங்கிற. எனக்கு பயமா இருக்குடா."

பயம் ஜீவனுக்கும் இருந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் பால் சேர்க்காத பிளேன்டீ. ஆனால் திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். ஓய்வெடுத்த அம்மா, வயிறு நிறைந்த அப்பா, ஜெயித்த ஸ்ரீலங்கா. மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டால் யசோதினியைப் பற்றி வாயைத் திறந்துவிடலாம். இரண்டு வருடமாகத் திறக்காத வாய்.

மூன்றாவதில்தான் சிக்கல். ஜீவன் இந்தியாக் கட்சி. மட்டை பிடிக்கத் தெரிவதற்கு முன்பிருந்தே இந்தியாக் கட்சி. பதுளையில் அவன் வேலை பார்க்கும் ஸனூஸ் நானாவின் போன் கடையில், இந்தியா விளையாடும் நாளில் பழுதான போன் எதையும் நானா அவன் கையில் கொடுப்பதில்லை. இன்றும் இந்திய அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அடுப்படியில் நின்றான்.

முன்னறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா அழகரும் நீலச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் அது ஸ்ரீலங்காவின் நீலம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர், ஸ்ரீலங்கா தோற்றால் மூன்று நாட்களுக்குக் கொழுந்தைப் பார்த்துக்கூட முறைப்பார்.

"இந்த மண்ணுல பொறந்து, இந்த மண்ணு சோத்தத் தின்னுப்புட்டு, அங்க கை தட்டுறான் பாரு" என்றார் சுவரைப் பார்த்து.

"போன மாசம் வாங்குனது இந்தியா அரிசிதாம்பா."

"அதான் வேகவே இல்ல."

இராக்கம்மா இந்தப் பேச்சில் கலந்துகொள்வதே இல்லை. கிரிக்கெட்டுக்கு அவள் வைத்திருந்த பெயர் மட்டைக் கூத்து. மேட்ச் நாட்களில் அவளுக்குத் தவறாமல் தலைவலி வரும், நடு அறையில் போய்ப் படுத்துவிடுவாள். இன்று காலும் சேர்ந்துகொண்டது. "காத்தே வரலடா, கட்டில வாசப்பக்கமா திருப்பிப் போடு" என்றாள். ஜீவன் திருப்பிப் போட்டான்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் முன்னறை, நடு அறை, அடுப்படி எல்லாம் ஒரே நேராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. அடுப்பில் நின்றபடியே டிவி பார்க்கலாம். எங்கோ வெளிநாட்டில் நடக்கும் போட்டி என்பதால் காலையிலேயே தொடங்கி, ஸ்ரீலங்கா அடித்து முடித்துவிட்டது. இப்போது இந்தியா துரத்தத் தொடங்கியிருந்தது.

ஜீவன் கோழியைச் சட்டியில் போட்டான். கறித்தூள் போட்டான், தண்ணீர் ஊற்றினான், மூடினான். கொதி வந்ததும் மூடியைத் திறந்தான்.

"போனான்டா ஒருத்தன்" என்று முன்னறையில் அழகர் தொடையில் தட்டினார். இந்தியாவின் முதல் விக்கெட்.

"ஐயோ" என்றது நடு அறை.

ஜீவன் அகப்பையோடு ஓடினான். "கால் வலிக்குதாம்மா?"

"ஆமாடா. கால்தான்."

யசோதினி வேலை செய்யும் மருந்துக்கடையில் அவளே தேர்ந்து கொடுத்த தைலத்தை எடுத்து இதமாகத் தடவிவிட்டுத் திரும்பினான். உப்புப் போட மறுபடி மூடியைத் திறந்தான். இரண்டாவது விக்கெட்.

"ஐயோ, அம்மா."

மறுபடி தைலம்.

அகப்பையும் தைலமுமாக அடுப்படிக்கு வந்தவன் மூடியைப் பார்த்தபடி நின்றான். இரண்டு முறை திறந்தான், இரண்டு பேர் போனார்கள். தற்செயலாக இருக்கலாம். சோதித்துப் பார்ப்பதற்காக மூடியை ஒரு விரல் அளவு தூக்கினான். டிவியில் பந்து வானத்துக்கு எழும்பியது. கீழே ஒருவன் கையை ஏந்தி நின்றான். ஜீவன் மூடியை டப்பென்று போட்டான். பந்து அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

இனி சந்தேகம் இல்லை. எல்லாம் இந்த மூடியில் இருக்கிறது.

சபதம் போடுபவனின் உறுதியோடு ஜீவன் முடிவெடுத்தான். ஆட்டம் முடியும்வரை மூடி திறக்கப்படாது. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகப் போனது. இந்தியா அடித்தது. அகப்பை சும்மா இருந்தது.

பிறகு முன்னறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஜீவா, கறியக் கிண்டுனியா?"

ஜீவன் திகைத்தான். சட்டியில் என்ன வேகிறது என்று இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் ஒருமுறைகூடக் கேட்காதவர் அழகர்.

"கிண்டிக்கிறேம்பா."

"இப்பக் கிண்டு. மூடியத் தொறந்து நல்லா கிண்டு. அடிப் பிடிச்சிரும்." திரும்பி அவனைப் பார்த்த அப்பாவின் கண்ணில் ஒரு சின்ன மினுக்கம் இருந்தது. அவருக்கும் மூடி விஷயம் தெரிந்துவிட்டது.

"தொறக்காதடா" என்றாள் அம்மா.

"அடிப் பிடிச்சிருமேம்மா?"

"பிடிச்சாப் பிடிக்கட்டும். மூடி மேல கைய வைக்காத."

கறியைக் கிண்டாமல் இரண்டு நிமிடம் விட்டாலே அகப்பையால் அடிக்கும் அம்மா இவள். வலி மனிதர்களை எப்படி மாற்றிவிடுகிறது என்று ஜீவன் நினைத்துக்கொண்டான்.

ஆனால் கோழிக்கு இதெல்லாம் புரியவில்லை. சட்டியின் அடியிலிருந்து ஒரு வாசம் கிளம்பியது. திறக்காமல் கிண்டுவது எப்படி? இரண்டு பக்கமும் துணி போட்டுப் பிடித்துச் சட்டியை ஒரு குலுக்குக் குலுக்கினான். மூடியின் ஓரத்தால் குழம்பு வழிந்து அடுப்பை அணைத்தது. மறுபடி பற்றவைத்தான். பதற்றத்தில் தீயைக் கூட்டி வைத்தது அவனுக்குத் தெரியாது. உப்புப் போடத் திறந்தோமே, போட்டோமா, அதற்குள் ஓடிவிட்டோமா என்பதும் நினைவில்லை. திறக்காமல் உப்புப் பார்க்க வழியில்லை. தேங்காய்ப்பால் வேறு பிழிந்து வைத்தது வைத்தபடி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலாயி அக்கா கூப்பிட்டாள். "தம்பி, கம்பளி ஏதும் எரியுதா?"

"கோழிக்கா."

"உசிரோடயா?"

டிவியில் இந்தியா அழகாக அடித்துக்கொண்டிருந்தது. ஜீவன் கைகள் தாமாகத் தட்டப் போயின. அப்போதுதான் அப்பாவைப் பார்த்தான். அழகர் கிண்டச் சொல்வதை நிறுத்தியிருந்தார். முகம் கல்லாகிக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. யசோதினி.

'கேட்டாச்சா?'

'இன்னும் இல்ல.'

'அப்பா சிரிக்கிறாரா?'

ஜீவன் எட்டிப் பார்த்துவிட்டு உண்மையை எழுதினான். 'டீ குடிக்கிறாரு.'

அடுத்த செய்தி உடனே வந்தது. 'அவங்க அடுத்த வாரம் இல்லையாம். இன்னிக்கு சாயந்தரமே வர்றாங்களாம். அம்மா பலகாரம் சுட ஆரம்பிச்சிட்டாங்க.'

ஜீவன் கணக்குப் போட்டான். சாயந்தரம். இந்தியா ஜெயித்தால் அப்பா மூன்று நாட்களுக்கு முறைப்பார். மூன்று நாட்களில் யசோதினி வெலிமடை உருளைக்கிழங்குக்குப் பேசி முடிக்கப்பட்டிருப்பாள்.

கடைசி ஓவர் தொடங்கியது. இந்தியாவுக்கு வேண்டியது ஏழு ஓட்டம். மட்டை பிடித்து நின்றவன் நன்றாகச் செட்டாகியிருந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள் வந்து ஆடினாலும் ஜெயிக்கலாம்.

ஜீவன் அடுப்பின் முன்னால் நின்றான். எதிரே மூடி. அதன் ஓரங்களில் புகை கசிந்தது. நெஞ்சில் இந்தியச் சின்னம் படபடவென்று அடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இந்தியாவுக்காக அவன் போட்ட சண்டைகள், வாங்கிய அடிகள், பட்டினி கிடந்த மாலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பிறகு, பஸ் படியில் ஏறிவிட்டு ஒரு கணம் திரும்பிப் பார்த்த யசோதினியின் முகம் வந்தது.

"என்னைய மன்னிச்சிருங்கடா" என்று பதினொரு பேரிடமும் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தான்.

ஸ்டம்பு எகிறியது.

"ஐயையோ" என்று நடு அறையிலிருந்து வந்த சத்தத்தில் வேலாயி அக்கா வீட்டு நாய் குரைத்தது. ஜீவன் போகவில்லை. போனால் மனம் மாறிவிடும்.

"கிண்டுடா மகனே, கிண்டு" என்று அழகர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

ஜீவன் கிண்டினான். அடுத்தவன் போனான். தேங்காய்ப்பாலை ஊற்றினான், அதற்கடுத்தவன் ரன் அவுட். உப்பை அள்ளிப் போட்டான், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது, புகையா வேறெதுவுமா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு ஓட்டத்தில் இந்தியா தோற்றது.

அழகர் சிரித்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய கடைவாய்ப் பல்லை ஜீவன் பார்த்தான்.

சாப்பாடு மேசைக்கு வந்தது. கறி அடியில் கறுப்பாகவும், மேலே திரிந்த பாலில் வெள்ளையாகவும், நடுவில் என்னவென்று தெரியாத நிறத்திலும் இருந்தது. உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. அழகர் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார்.

"இப்பிடி ஒரு கறிய நான் வாழ்க்கையில தின்னதில்லடா."

அது உண்மையாகவும் இருந்ததால் ஜீவன் மறுக்கவில்லை. இதைவிட நல்ல நேரம் வராது.

"அப்பா, பசறையில மருந்துக்கடையில ஒரு பொண்ணு. யசோதினின்னு பேரு."

அழகர் எலும்பைக் கடித்தபடியே அவனைப் பார்த்தார். புரிந்துகொண்டார். இன்னும் கொஞ்சம் பல் தெரிந்தது.

"எனக்குச் சரி. ஸ்ரீலங்கா ஜெயிச்சிருக்கு, எனக்கு இன்னிக்கு எல்லாமே சரி. ஆனா உங்கம்மாகிட்டக் கேளு. இந்த வீட்டுல பொண்ணெடுக்கிறது குடுக்கிறது எல்லாம் அவ முடிவு. என்னையக் கட்டுனதே அவ எடுத்த முடிவுதான்."

ஜீவன் தைலத்தையும் எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனான். இராக்கம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தட்டில் சோறு தொடாமல் இருந்தது. காலைக்கூட அசைக்க முடியாதவள் போலக் கிடந்தாள்.

"வலி ரொம்ப அதிகமாம்மா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். போன் மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. இரண்டு வருடமாக உள்ளே வைத்திருந்ததை ஒரே மூச்சில் வெளியே விட்டான்.

"அம்மா, நான் யசோதினியக் கட்டிக்கணும். இன்னிக்குச் சாயந்தரமே நீ அவங்க வீட்டுக்கு வந்து பேசணும். சரின்னு சொல்லும்மா."

இராக்கம்மா மெல்லத் திரும்பினாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. மகனின் நீலச் சட்டையை ஒரு முறை பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அத அப்புறம் பேசுவோம். அவ்வளவு நேரம் ஒழுங்கா மூடி வச்சிருந்தவன், கடைசி ஓவர்ல எதுக்குடா மூடியத் தொறந்த?"